1958இல் யாழ்தேவியை நீராவி எஞ்சின் இழுத்ததா? சரித்திரத் தொடர்களில் வரும் புகைவண்டிகள்

புங்கன்குளத்தார்

வெள்ளி இரவு ஒளிபரப்பாகும் அந்தத் தொடரின் பெயரை எழுதப் போவதில்லை. பார்ப்பவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்களுக்குத் தேவையில்லை. கதை நடப்பது 1958இல். கொழும்பில் எழுதுவினைஞராக வேலை பார்க்கும் மூத்த மகன் யாழ்தேவியில் ஊருக்கு வருகிறான். தாய் யாழ்ப்பாணம் ஸ்ரேசன் மேடையில் காத்து நிற்கிறாள். நடித்தவர் நன்றாகவே நடித்தார். பிறகு வண்டி வந்தது.

நீலமும் பால் நிறமும் பூசிய குட்டிப் பெட்டிகள் நான்கு. அவற்றைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம். பின்னணியில் மலை. கீரிமலையிலேயே மலை கிடையாது, யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்குப் பின்னால் எங்கிருந்து வந்தது?

இது போதாதென்று, அதற்கு முந்திய காட்சியில் வண்டி ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வருகிறது. வந்த கையோடு பக்கத்தில் இருப்பவர் "கொடிகாமம் வந்துவிட்டது" என்கிறார்.

சரித்திரத் தொடர் எடுப்பவர்கள் உடுப்புக்கும் நகைக்கும் ஆலோசகர் வைத்துக்கொள்கிறார்கள். வண்டிக்கு மட்டும் கிடைத்ததைக் காட்டினால் போதுமா? விபரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கொடிகாமம் சந்தை

எங்கள் ஊரில் சுரங்கம் இருப்பது எனக்கே புதுச் செய்தி. ஆனாலும் கேட்கிறேன்: அந்தக் காட்சியில் தாயும் மகனும் கட்டிப் பிடித்து நின்றபோது என் வீட்டில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். ஒருவர்கூட எஞ்சினைப் பார்க்கவில்லை. கதை மனதைத் தொட்டால் வண்டி முன்னால் இழுத்தால் என்ன, பின்னால் தள்ளினால் என்ன?

பழைய கார்ட்

எழுபதுகளில் வடபகுதிப் பாதையில் கார்ட் வேலை பார்த்தவன் நான். என் காலத்துக்கு முந்தியதை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டும் திணைக்களத்துப் பழைய தாள்களைப் படித்தும் தெரிந்துகொண்டேன்.

யாழ்தேவி முதன்முதலாக ஓடியது 1956 ஏப்ரல் 23இல். கொழும்புக் கோட்டையிலிருந்து காங்கேசன்துறை வரை. அது பிறந்ததே டீசல் வண்டியாகத்தான். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எஞ்சின்கள் 1954இல் வரத் தொடங்கின. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா, சஸ்கற்சுவான் என்று கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். அவற்றில் சில இன்றும் ஓடுகின்றன. அதற்கு ஓராண்டு முன்பே இங்கிலாந்திலிருந்து டீசல் எஞ்சின்கள் வந்துவிட்டன. இன்னும் பின்னால் போனால், போருக்கு முன், 1938இலேயே டீசல் தொடர்பெட்டிகள் இந்த நாட்டில் ஓடியிருக்கின்றன.

நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்றியதில் பெரும் பங்கு பி. டி. ரம்பாலாவுடையது. 1949இல் பிரதம இயந்திரப் பொறியியலாளரானார், 1955இல் பொது முகாமையாளரானார். யாழ்தேவி, உடரட்ட மெனிக்கே போன்ற பெயருள்ள கடுகதி வண்டிகளெல்லாம் அவர் காலத்தில் வந்தவை. புதிய காலம் வந்துவிட்டது என்று காட்டுவதற்காக விட்ட வண்டி யாழ்தேவி. அதை நீராவி எஞ்சினின் பின்னால் கட்டினால் அந்த வண்டி எதற்காக விடப்பட்டதோ அதுவே போய்விடுகிறது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1958இல் நீராவி எஞ்சின்கள் ஓய்வு பெற்றுவிடவில்லை. அவை இன்னும் பல ஆண்டுகள் வேலை செய்தன. ஆகவே 1958இல் ஒரு நீராவி எஞ்சினைக் காட்டியது பிழையில்லை. யாழ்தேவியின் முன்னால் (அல்லது பின்னால்!) காட்டியதுதான் பிழை.

கைகாட்டி

புங்கன்குளத்தார் வர்ணித்தது நீலகிரி மலை வண்டி. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் போவது. அந்தப் பல் சட்டம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் இருப்பது. ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி. வெறும் சக்கரம் வழுக்கும், பற்சக்கரம் கடித்து ஏற வேண்டும். பெட்டி அறுந்து பின்னால் உருளாமல் இருக்க எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நிற்கும், அதனால்தான் தள்ளுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஏற்றத்துக்குப் பயந்து எஞ்சினைப் பின்னால் கட்டுவார்கள்?

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய உறுத்தல் பாதையின் அகலம். நீலகிரிப் பாதை மீற்றர் பாதை, 1000 மில்லிமீற்றர். இலங்கையின் பிரதான பாதைகள் 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். ஒன்றரை மடங்குக்கும் மேல். அளவுகோல் வைத்துப் பார்க்கத் தேவையில்லை. மீற்றர் பாதையில் பெட்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியே இரு பக்கமும் நன்றாகத் தள்ளி நிற்கும். நமது பாதையில் வண்டி காலை அகட்டி நிலையாக நிற்பது போல் தெரியும். ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் தானாகவே அங்கே போகும். கொடிகாமத்தார் என்னை மன்னிக்க வேண்டும், உங்கள் நிம்மதியையும் கெடுத்துவிட்டேன்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காட்சிக்கு நடுவே ஒருவர் மண்வெட்டியால் நிலக்கரி அள்ளி அடுப்பில் எறியும் காட்சியை ஒட்டியிருக்கிறார்கள். நீலகிரி எஞ்சின்களில் பல இப்போது எண்ணெயில் எரிபவை. எண்ணெய் எரியும் எஞ்சினுக்கு மண்வெட்டி எதற்கு? வேறெங்கோ எடுத்த துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதில் தெரிகிற அடுப்பு வாய் அந்த எஞ்சினின் அளவுக்குப் பொருந்தவே இல்லை.

புங்கன்குளத்தார்

இனி எந்தத் தொடரையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது போலிருக்கிறது. கார்ட் ஐயா, கைகாட்டி, இருவருக்கும் நன்றி. நன்றியா கோபமா என்று பிறகு தீர்மானிக்கிறேன்.

லூயிஷாம் வாசி

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கே இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட நீராவிப் பாதைகள் ஏராளம். சசெக்சில் இருக்கும் புளூபெல் பாதை 1960இலிருந்து தொண்டர்களால் ஓட்டப்படுகிறது. யோர்க்சயரிலும் சில உண்டு. சரித்திரத் தொடர் எடுப்பவர்கள் எஞ்சின், பெட்டி, நிலையம், கைகாட்டி, சீருடை போட்ட ஆட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகவே வாடகைக்கு எடுக்கலாம். அப்படியிருந்தும் பிழை வருகிறது.

ஒன்று, ஆண்டு. 1923இல்தான் நூற்றுக்கு மேற்பட்ட கம்பனிகளை நான்காகச் சேர்த்தார்கள். 1948இல் அந்த நான்கும் அரசுடைமையாயின. ஆகவே 1912 கதையில் வரும் எஞ்சினில் 1923க்குப் பின் வந்த கம்பனியின் பெயர் இருந்தால் அது பிழை; அரசாங்கச் சின்னமான சிங்கம் இருந்தால் இரட்டைப் பிழை. பெட்டிகள் இன்னும் மோசம். பாதுகாக்கப்பட்ட பாதைகளில் அதிகம் கிடைப்பவை 1951இலிருந்து கட்டிய உருக்குப் பெட்டிகள். ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் புறப்படும் படைவீரர்கள் போர் முடிந்து ஆறு ஆண்டுக்குப் பின் கட்டிய பெட்டிகளில் ஏறிப் போகிறார்கள். நான் பார்த்த போர்க்காலத் தொடர்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை கதவில் இருக்கும் எண். இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கம்பனிகள் ஒவ்வொன்றாக இரண்டாம் வகுப்பை எடுத்துவிட்டன. முதலாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, அவ்வளவுதான். 1956 ஜூனில்தான் மூன்றாம் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பு என்று பெயர் மாற்றினார்கள். 1935இல் நடக்கும் கதையில் பெட்டிக் கதவில் 2 என்று இருந்தால் கலை இயக்குநர் தூங்கிவிட்டார் என்று பொருள். ஊரில் மூன்று வகுப்பையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது விளங்கவே சில காலம் எடுத்தது.

கொடிகாமம் சந்தை

அப்படியானால் வாடகைக்கு ஸ்ரேசனே கிடைக்கிற நாட்டிலும் பிழை விடுகிறார்கள். நமது பிள்ளைகள் கையில் இருந்த காசுக்கு ஒரு தொடர் எடுத்திருக்கிறார்கள், அவர்களைப் பிடித்து உலுப்புகிறீர்கள். வெள்ளைக்காரன் விட்டால் வேடிக்கை, நமது பிள்ளை விட்டால் குற்றமா?

லூயிஷாம் வாசி

வெள்ளைக்காரன் விட்டாலும் இங்கே பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் கூட்டம் ஒன்று இருக்கிறது அண்ணை. அவர்களுக்குப் பயந்தாவது சில தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள்.

சரித்திர ஆசிரியை

எல்லோரும் எஞ்சினைச் சுற்றியே நிற்கிறீர்கள். நான் அடுத்த வாரப் பகுதியையும் பார்த்தேன். அதில் தமிழருக்கு எதிரான 1958 கலவரம் வருகிறது. கொழும்பில் அடிபட்டு, முகாமில் இருந்து, அந்தக் குடும்பம் ஊர் திரும்புகிறது. எதில் திரும்புகிறது? அதே நீல வண்டியில். ஜன்னலால் பனந்தோப்பைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறார்கள்.

1958 மே 22இல் பொலன்னறுவை புகையிரத நிலையத்தைக் கும்பல் தாக்கியது. வவுனியாவில் நடக்கவிருந்த தமிழரசுக் கட்சி மாநாட்டுக்குப் போகிறவர்களைத் தேடி வந்தவர்கள். மறுநாள் இரவு மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட வண்டி ஏறாவூருக்கு அருகே கவிழ்க்கப்பட்டது. கலவரம் தொடங்கிய இடங்களில் புகையிரதமும் ஒன்று. கொழும்பு முகாம்களில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களை அரசாங்கம் கப்பலில் ஏற்றித்தான் வடக்கே அனுப்பியது. எங்கள் குடும்பத்திலும் கப்பலில் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கப்பல் பயணம் வாழ்நாள் முழுவதும் நினைவில் இருந்தது.

நீல வண்டி, பச்சை வண்டி என்பதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. கப்பலில் வந்தவர்களைக் கோச்சியில் கொண்டு வந்து இறக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் ஏன் கோச்சியில் வரவில்லை என்பதல்லவா கதை?

பழைய கார்ட்

ரீச்சர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. எஞ்சினைப் பற்றி விசாரிக்க ஒரு பழைய புகையிரதக்காரரிடம் போயிருந்தால் அவர் முதலில் கேட்டிருக்கக் கூடிய கேள்வியே "மே கடைசியில் எந்த வண்டி ஐயா ஓடியது?" என்பதுதான். எழுதியவர் அங்கேயே நின்றிருப்பார்.

கொடிகாமம் சந்தை

கப்பல் விஷயத்தில் நான் வாதாட வரவில்லை. ரீச்சர் சொல்வது சரி. ஆனால் கப்பலையும் எஞ்சினையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒன்று மக்களின் வரலாறு, மற்றது இரும்பு.

கைகாட்டி

இரும்பு என்று ஒதுக்கிவிட முடியாது. நமது பாதைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் ஒவ்வொரு ஆண்டும் நமது வாழ்க்கையைத் தொட்ட ஆண்டு. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகச் சாவகச்சேரி வரை 1902 மார்ச்சில் திறந்தார்கள். தெற்கோடு இணைந்தது 1905 ஆகஸ்டில். இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டும் நமது வண்டி குடாநாட்டுக்குள்ளேயே ஓடிய தனி வண்டி! 1903இல் கதாநாயகன் யாழ்ப்பாணத்தில் ஏறிக் கொழும்பில் இறங்குவதாக ஒருவர் எழுதினால் அது இரும்புப் பிழையா, வரலாற்றுப் பிழையா? 1990 ஜூனில் வண்டி நின்றது. தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குப் போயின. மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வண்டி வந்தது 2014 அக்டோபர் 13இல். இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் புகையிரதத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்களுக்குத் தொலைக்காட்சியில் காட்டுவதுதான் பழைய யாழ்தேவி. அதனால்தான் நான் கத்துகிறேன்.

கலைக்கூடம்

நான் அந்தத் தொடரில் வேலை செய்யவில்லை. ஆனால் வேறு சில தொடர்களுக்குக் கலை உதவியாளராக இருந்திருக்கிறேன், ஆகையால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் படம் பிடிக்கலாமே என்பீர்கள். இப்போது இருப்பது 2014இல் புதிதாகக் கட்டியது. பாதை முழுவதும் கொங்கிறீற் சிலிப்பர், வண்ண விளக்குச் சைகை. பழைய எஞ்சின் கிடைக்காதா என்றால், தெமட்டகொடைக் கொட்டகையில் ஓடக்கூடிய நிலையில் ஒரு சில நீராவி எஞ்சின்கள் வைத்திருக்கிறார்கள். பழைய ஆளுநர்களின் பெயர் தாங்கியவை. சேர் தோமஸ் மெயிற்லண்ட் அவற்றில் ஒன்று. அதை வாடகைக்கு எடுத்து, பெட்டி சேர்த்து, பாதையில் நேரம் வாங்கி, ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு நாள் ஓட்டினால் தொடரின் மிச்சப் பகுதிகளைத் தயாரிப்பாளர் தன் வீட்டு முற்றத்தில்தான் எடுக்க வேண்டும். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த தேசிய புகையிரத நூதனசாலை உண்டு. அங்கே அசையாமல் நிற்கும் எஞ்சினைக் காட்டலாம், ஆனால் பின்னால் மலை தெரியும். மறுபடியும் புங்கன்குளத்தார் எழுதத் தொடங்குவார்.

அதனால்தான் தமிழ்நாட்டில் எடுத்த துண்டுகளை வாங்கி ஒட்டுகிறார்கள். நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். என் கையில் இப்போது ஒரு கதை இருக்கிறது. வண்டி வாங்கக் காசு இல்லை. என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள், திட்டுவதைப் பிறகு திட்டலாம்.

கைகாட்டி

தமிழ்நாட்டுத் துண்டுதான் வேண்டும் என்றால் அகலப் பாதைத் துண்டைத் தேடுங்கள். இந்திய அகலப் பாதையும் நமது பாதையும் ஒரே அகலம். ஆனால் 1947க்குப் பின் இந்தியாவில் ஓடிய கூம்பு மூக்கு எஞ்சினை மட்டும் வேண்டாம். அது நமது நாட்டில் ஓடியதில்லை, முகத்தைப் பார்த்த உடனே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. வண்டியைக் காட்டாதீர்கள். கேட்க வையுங்கள். ஆனால் ஒழுங்காகக் கேட்க வையுங்கள். இரண்டு உருளை எஞ்சினில் பெரிய சக்கரம் ஒருமுறை சுற்றும்போது புகைபோக்கியில் நான்கு மூச்சு வரும். 5 அடி விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 30 மைல் வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 11 மூச்சு. தனித்தனியாக எண்ண முடியாது, ஒரே இரைச்சலாகத்தான் காதில் விழும். தொடர்களில் ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பறக்கும், எஞ்சினோ நொடிக்கு ஒரு முறை "குப்... குப்..." என்று கிழவர் படியேறுவது போல் மூச்சு விடும். புறப்படும்போது மட்டும்தான் அந்த மெதுவான மூச்சு சரி. ஸ்ரேசனை நெருங்கும்போது றைவர் நீராவியை மூடிவிடுவார். அப்போது மூச்சே கேட்காது, சக்கரமும் தண்டும் உருளும் சத்தமும் தடையின் உரசலும்தான். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஊதல் ஒலிகளில் பல அமெரிக்க எஞ்சினுடையவை, பல சுரங்கள் சேர்ந்து முழங்கும். நமது எஞ்சின்கள் பிரித்தானியாவில் செய்தவை.

தண்டவாள ஒலியும் முக்கியம். இன்றைய நீளத் தண்டவாளம் பற்றவைத்தது, வழுக்கிக்கொண்டு போகும். அன்று துண்டுத் தண்டவாளம், ஒவ்வொரு பொருத்திலும் தட்டும். அந்தத் தட்டலை மட்டும் சரியான இடைவெளியில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பழைய கார்ட்

தம்பி கலைக்கூடம், எஞ்சின் வேண்டாம், ஒரு வளையம் போதும்.

ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அனுமதி ஒரு வட்டத் தகடு, ரப்லெற் என்போம். இரு நிலையத்திலும் இருக்கும் பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒன்றை வெளியே எடுத்துவிட்டால் அதைத் திரும்பப் போடும் வரை இரண்டு பக்கமும் இன்னொன்று வெளியே வராது. அந்தத் தகட்டைத் தோல் பையில் வைத்துப் பெரிய வளையத்தில் கோத்து றைவரிடம் கொடுப்பார்கள். நில்லாத வண்டி என்றால் மேடையில் நிற்பவர் வளையத்தை உயர்த்திப் பிடிப்பார், பயர்மன் கையை நீட்டிக் கோத்துக்கொண்டு பழையதை எறிந்துவிட்டுப் போவார். கை தவறினால் தோள் கழன்றுவிடும். இரவில் கைவிளக்கு, வளையம், ஒரு கை, கொஞ்சம் ஆவி. இதை எடுங்கள். முழு வண்டி வந்ததாகவே சனம் நம்பும்.

ரிக்கெற்றும் அப்படித்தான். தடித்த சிறு அட்டை, திகதி அழுத்தும் இயந்திரத்தில் "டக்" என்று ஒரு குத்து. எத்தனையோ தொடர்களில் கணினியில் அச்சடித்த மெல்லிய தாளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அட்டை செய்ய என்ன செலவு?

புகையைப் பற்றியும் ஒரு சொல். இயக்குநர்களுக்கு எப்போதும் கரும்புகை வேண்டும். கரும்புகை விட்டால் பயர்மன் சரியாக எரிக்கவில்லை, கரி வீணாகிறது என்று பொருள். நல்ல பயர்மனின் புகை மெல்லிய சாம்பல் நிறம். புறப்படும்போது முன் சக்கரத்துப் பக்கம் சீறிக்கொண்டு வெள்ளையாக வருகிறதே, அது புகையில்லை. உருளைக்குள் தங்கிய நீரை வெளியேற்றத் திறந்துவிடும் நீராவி. நின்று புறப்படும்போது அது அழகு. ஓடுகிற வண்டியில் அதைக் காட்டினால் சிரிப்பு.

லூயிஷாம் வாசி

கார்ட் ஐயா சொன்ன அட்டை ரிக்கெற் முறை இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுபிடிக்கப்பட்டு உலகம் முழுவதும் போனது. இங்கிருக்கும் பாதுகாக்கப்பட்ட பாதைகளில் இன்றும் அதே அட்டையைக் கொடுக்கிறார்கள். கலைக்கூடத்துக்கு வேண்டுமானால் மாதிரிக்குச் சிலவற்றை அனுப்பி வைக்கிறேன்.

சரித்திர ஆசிரியை

பெயர்ப்பலகையை மறந்துவிட்டீர்கள். அந்தத் தொடரில் பளை ஸ்ரேசன் பலகை வருகிறது. கணினி எழுத்துரு, அதுவும் இன்று கல்யாண அழைப்பிதழில் வரும் வளைந்த எழுத்துரு. அதைவிட, ளை என்பதை இன்று எழுதுவது போல் எழுதியிருக்கிறார்கள். 1958இல் ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில்தான் எழுதப்பட்டன. தமிழ்நாட்டு அரசு எழுத்தைச் சீர்திருத்தியது 1978இல், இங்கே அது பரவியது அதற்கும் பின்னால். வடபகுதிப் பாதையில் பளை, மீசாலை, ஆனையிறவு என்று மூன்று பலகைகளுக்காவது பழைய எழுத்து வேண்டும். ஆனையிறவிலேயே தும்பிக்கை இல்லாவிட்டால் எப்படி?

ஒரு பலகை வரையும் செலவுதான். ஊரில் பழைய பெயர்ப்பலகை ஓவியர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள்.

கொடிகாமம் சந்தை

எழுத்துக்குத் தும்பிக்கை இல்லை என்று ஒரு தொடரைத் தூக்கி எறிகிற சனத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நான் அடுத்த வெள்ளியும் பார்ப்பேன், அழ வேண்டிய இடத்தில் அழுவேன். ஆனால் மீசாலைப் பலகை வந்தால் உற்றுப் பார்ப்பேன், அதைத் தவிர்க்க முடியாது.

கலைக்கூடம்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வளையக் காட்சியை இயக்குநரிடம் சொன்னேன், துள்ளிக் குதித்தார். இப்போது அடுத்த சிக்கல். என் கதை 1963. யாழ்ப்பாணத்து இளைஞன் படிப்பதற்காகத் தலைமன்னார் வழியாகச் சென்னை போகிறான். இயக்குநர் பாம்பன் பாலத்தில் வண்டி போவதைக் காட்டியே ஆக வேண்டும் என்கிறார். அதற்கும் துண்டுப் படம்தான். மாட்டிக்கொள்வேனா?

கைகாட்டி

இங்கே உங்களுக்கு அதிர்ஷ்டம். தலைமன்னாரில் கப்பலேறிப் போய் இறங்கும் அக்கரைப் பாதை மீற்றர் பாதை, சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை. பாம்பன் பாலம் 1914இல் திறந்தது, இந்த நூற்றாண்டில்தான் அகலப் பாதையாக மாறியது. ஆகவே 1963 கதையில் அந்தப் பாலத்தில் மீற்றர் பாதை நீராவி வண்டிதான் சரி. அந்தக் காலத்துத் துண்டு கிடைத்தால் தயங்காமல் போடுங்கள். இன்று போய்ப் படம் பிடிக்க மட்டும் நினைக்காதீர்கள். 2025இல் திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்புவது, பழையது இரண்டு கையாகப் பிரிந்து திறப்பது. நீலகிரித் துண்டை இங்கேயும் ஒட்டினால் நானே முறைப்பாடு செய்வேன்.

பழைய கார்ட்

யாழ்ப்பாணத்தில் ஏறியவன் நேரே தலைமன்னாரில் இறங்க முடியாது. தெற்கே மதவாச்சி வரை போய் அங்கே மாறித் தலைமன்னார் வண்டியைப் பிடிக்க வேண்டும். கிளைப் பாதை பிரிவதே அங்கேதான். பலர் மன்னாருக்கு நேராகப் பாதை இருந்ததாக நினைத்து எழுதுகிறார்கள். பெட்டியும் படுக்கையுமாக மதவாச்சி மேடையில் அவன் காத்திருக்கும் காட்சிக்கு எஞ்சினே தேவையில்லை.

சரித்திர ஆசிரியை

ஆண்டை 1963இலேயே வைத்திருங்கள். இயக்குநர் 1965 ஆக்கிவிடுவோம் என்றால் விடாதீர்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது.

கலைக்கூடம்

அவர் நேற்றுத்தான் 1965 என்று மாற்றியிருந்தார். இப்போதே தொலைபேசியில் அழைக்கிறேன்.